தேரி மணலில் விழுந்தவனின் சாட்சி

வாலிபர் ஊழியத்தில் இருக்கும் தம்பிமாருக்கும் தங்கைமாருக்கும்,



இந்த மடல் உங்கள் கைக்கு வரும் நேரத்தில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். லெந்துக் கூட்டம் ஒரு பக்கம், வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகமப் பள்ளியின் ஆசிரியர்களுக்கு ஆக்‌ஷன் பாட்டு பழக்குவது மறுபக்கம். மே மாத முகாமுக்குப் பள்ளிக்கூடம் கேட்டு, பந்தல்காரரிடம் பேசி, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்திருப்பீர்கள். நோட்டில் நாற்பது பெயர் இருக்கும். பணம் கட்டியவர்கள் பதினோரு பேர்தான் என்ற நினைப்போடு ராத்திரி படுப்பீர்கள். ஏப்ரல் முழுக்கச் சின்னப் பிள்ளைகள், மே முழுக்க வாலிபர்கள், ஜூன் பிறந்ததும் "அறிக்கை எங்க தம்பி?" நானும் பத்து வருஷம் இதே செக்கில் சுற்றியவன். உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2009 மே மாதம். ஒரு முகாம் முடிந்து அடுத்த முகாமுக்கு வண்டியில் போய்க்கொண்டிருந்தேன். இரவு இரண்டு மணியைத் தாண்டியிருக்கும். சாத்தான்குளம் கழிந்து திசையன்விளை போகிற பாதை. கண்ணைத் திறந்தபோது வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், வாய் நிறைய செம்மணல். தேரி மணல், மெத்தை மாதிரி வாங்கிக்கொண்டது. நான் கிடந்த இடத்துக்கும் பனைமரத்துக்கும் நாலைந்து அடி இருக்கும். முழங்கைத் தோல் உரிந்ததைத் தவிர வேறு சேதமில்லை. ஹெட்லைட் உடைந்த வண்டியை உதைத்துக் கிளப்பி, விடிவதற்குள் போய்ச் சேர்ந்து, காலை தியானத்தை நானே எடுத்தேன்.

அந்த விபத்தை அப்புறம் எத்தனையோ மேடையில் சாட்சியாகச் சொன்னேன். பனைமரம் வரும் இடத்தில் கூட்டம் "அல்லேலூயா" என்னும். ஆண்டவர் காப்பாற்றினார் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. சொல்லாமல் விட்டதுதான் பிரச்சினை. அதற்கு முந்தைய மூன்று ராத்திரியும் சேர்த்து நான் தூங்கியது ஏழெட்டு மணி நேரம். மத்தியானத்துக்குப் பிறகு வயிற்றுக்குள் போனது டீயும் இரண்டு பருப்பு வடையும். விடிந்ததும் பஸ்ஸில் போயிருக்கலாம். அடுத்த முகாமில் காலை தியானம் எடுக்க வேறு இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் எடுத்துவிடுவார்களோ என்றுதான் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினேன்.

சாட்சியைக் கேட்ட அத்தனை பேரில் ஒருவர்கூட, "ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த ரோட்டுல உனக்கு என்னப்பா வேலை?" என்று கேட்கவில்லை. அம்மா மட்டும் கேட்டாள். ஊழியத்தைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

நம் சபைகளில் களைப்புக்கென்று ஒரு வார்த்தை இல்லை, கவனித்திருக்கிறீர்களா? வேலை கூடினால் அது 'ஆத்தும பாரம்'. தூங்காமல் அலைந்தால் 'வைராக்கியம்'. முடியவில்லை என்று உட்கார்ந்தால் 'ஜெபக் குறைவு'. ஒரு மாதம் வீட்டில் இருந்துவிட்டால் 'பின்வாங்கிப் போயிட்டான்'. எனக்கு வயிற்றில் புண் வந்தபோது மருத்துவர் நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னார். அதே வாரம் ஒரு பெரியவர், என்மேல் உண்மையான பாசம் உள்ளவர், "மூணு நாள் உபவாசம் போட்டுப் பாருங்க தம்பி, பறந்து போயிரும்" என்றார். போட்டேன். இரண்டாம் நாள் சாயங்காலம் என்னை ஆட்டோவில் கைத்தாங்கலாக ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஒன்றாம் தீமோத்தேயு நான்காம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனம் இல்லாத வாலிபர் கூட்ட பேனர் உண்டா? இளமையைக் காட்டி யாரும் உன்னை அற்பமாக எண்ண இடம் கொடுக்காதே என்று பவுல் சொல்லும் அந்த வசனத்தை நானே எத்தனையோ ஃப்ளெக்ஸில் அடித்துக் கட்டியிருக்கிறேன். அடுத்த அதிகாரத்தில் அதே பவுல் அதே தீமோத்தேயுவுக்கு வயிற்றைப் பற்றி எழுதுகிறார். உனக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகிறது, வெறும் தண்ணீரோடு நிற்காமல் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்கிறார். அந்தக் காலத்தில் அது கைமருந்து. நோயாளி ஒரு வாலிபர் ஊழியர், ஆலோசனை சொல்பவர் பவுல். உபவாசம் என்ற பேச்சே அந்த இடத்தில் இல்லை. இந்த வசனத்தை எந்த பேனரிலும் நான் பார்த்ததில்லை. திராட்சரசம் என்ற வார்த்தைக்குப் பயந்து விட்டிருப்பார்கள் என்று வைத்துக்கொண்டாலும், வயிறு என்ற வார்த்தையையாவது மிச்சம் வைத்திருக்கலாம்.

எப்பாப்பிரோதீத்துவைப் பற்றியும் நாம் பிரசங்கம் செய்வதில்லை. வாயில் நுழையாத பெயர் என்பது ஒரு காரணமாக இருக்கலாம். பிலிப்பி சபை பவுலுக்கு உதவியாக அனுப்பிய ஆள். ஊழியத்தில் தன் உடம்பைப் பாராமல் உழைத்து, சாகிற நிலைக்குப் போய்ப் பிழைத்தவர். பவுல் செய்தது என்ன? அவரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார். சும்மா அனுப்பவில்லை, வருகிறவரைச் சந்தோஷமாக ஏற்றுக்கொள்ளுங்கள், இப்படிப்பட்டவர்களை மதிப்போடு நடத்துங்கள் என்று சபைக்கு எழுதிக் கையில் கொடுத்து அனுப்பினார். முடியாமல் வீட்டுக்குத் திரும்புகிறவன் தலைகுனிந்து போகக்கூடாது என்று ஒரு அப்போஸ்தலன் யோசித்திருக்கிறார். நான் வேலையை விட்டு வீட்டுக்கு வந்தபோது நான்கு மாதம் கோயிலில் கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்தேன். எனக்கும் ஒரு கடிதம் கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதிலாக நமக்குக் கையில் கொடுத்தது மிஷனெரிகளின் சாவுக் கதைகளை. டேவிட் பிரெய்னர்ட் 1747-இல் 29 வயதில் இறந்தார். ஹென்றி மார்ட்டின் 1806-இல் கல்கத்தாவில் வந்து இறங்கி, கடவுளுக்காக எரிந்து தீர வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார்; புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் மொழிபெயர்த்தார்; 1812-இல் துருக்கியின் தோக்காத்தில் 31 வயதில் தனியாக இறந்தார். நம் பக்கத்து ராக்லாந்து வட திருநெல்வேலி முழுக்கக் கூடாரம் தூக்கிக்கொண்டு அலைந்து 1858-இல் சிவகாசியில் உயிரை விட்டார். இவர்களை நான் குறைத்துப் பேசினால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் இவர்கள் கதையை நமக்குச் சொன்ன விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. பிரெய்னர்டைக் கொன்றது காசநோய். அதற்கு மருந்து 1940-களில்தான் வந்தது. மருந்து இருந்திருந்தால் அவர் குடித்திருப்பார், இன்னும் முப்பது வருஷம் ஊழியம் செய்திருப்பார். அவருக்கு வேறு வழியில்லாமல் வந்த சாவை, வழி உள்ள நமக்கு ஒரு இலக்காக வைத்துவிட்டார்கள். எனக்கு 29 வயது ஆன பிறந்தநாளில், பிரெய்னர்ட் வயது வந்துவிட்டது, நான் என்ன சாதித்தேன் என்று அழுதிருக்கிறேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு உண்மையாகவே அழுதேன்.

ஸ்பர்ஜனையும் நமக்குப் பாதிதான் காட்டினார்கள். பிரசங்கிகளின் இளவரசன் என்று சொன்னவர்கள், அவர் மனச்சோர்வில் பல நாள் படுத்துக் கிடந்ததையும், மூட்டு வாதத்துக்காகக் குளிர்காலங்களில் பிரான்சின் மென்டோனுக்கு ஓய்வுக்குப் போய்வந்ததையும், 1892-இல் அங்கேயே இறந்ததையும் சொல்லவில்லை. தன் கல்லூரி மாணவர்களுக்கு ஊழியரின் சோர்வைப் பற்றியே ஒரு முழு விரிவுரை செய்தவர் அவர். எந்நேரமும் குனிந்து உட்கார்ந்து படிக்காதே, வெளியே போய்க் காற்று வாங்கு, ஓய்வு நேரம் வீண் நேரமில்லை என்று அதில் சொல்கிறார்.

உங்கள் ஊழியத்தின் சொந்தக் கதையைப் பாருங்கள். 1844 ஜூன் 6-ஆம் தேதி லண்டனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஜார்ஜ் வில்லியம்ஸும் சில இளைஞர்களும் சேர்ந்து ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கினார்கள். விடிந்ததிலிருந்து ராத்திரி வரை கடையில் நின்று, கடை மாடியிலேயே நெருக்கியடித்துப் படுத்துக் கிடந்த பையன்களுக்காக ஆரம்பித்தது. அந்த அமைப்பின் முக்கோணச் சின்னத்துக்கு மூன்று பக்கம்: ஆவி, மனம், உடல். கூடைப்பந்து 1891-இல் அவர்கள் பயிற்சிப் பள்ளியில் பிறந்தது. வாலிபால் 1895-இல் அவர்கள் உடற்பயிற்சிக் கூடத்தில் பிறந்தது. சென்னையில் ஹாரி பக் 1920-இல் உடற்கல்விக்கென்று கல்லூரியே ஆரம்பித்தார். வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1895-இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக, அதாவது உங்களைப் போல ஒரு வாலிபர் ஊழியராகத்தான் வேலைக்குச் சேர்ந்தார். திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம், தோர்ணக்கல் பேராயம் எல்லாம் அதற்கப்புறம். பேராயராகவே 32 வருஷம் உழைத்து, 70 வயதில்தான் கண்ணை மூடினார். இப்படி ஒரு வரலாறு இருக்கும்போது நம் முகாமில் நடப்பது என்ன? சாயங்காலம் நாலரைக்குப் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள். நாம் ஓரத்தில் நின்று ஒரு கையில் விசிலும் ஒரு கையில் போனுமாக, ராத்திரி சாப்பாட்டுக்கு முட்டை வந்ததா என்று கேட்டுக்கொண்டிருப்போம். நீங்கள் கடைசியாகக் களத்துக்குள் இறங்கி வியர்க்க ஆடியது எப்போது?

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

விபத்து நடந்த அடுத்த வருஷம், ஒரு முகாமின் மூன்றாம் இரவு. அர்ப்பணிப்பு நேரம் முடிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக ஜெபத்துக்கு வந்தார்கள். வரிசையில் ஒரு பையன், பதினேழு வயது, பாலிடெக்னிக் முதல் வருஷம். ஞாயிறு பள்ளியிலிருந்து எனக்குத் தெரியும். "அண்ணே, உங்கட்ட கொஞ்சம் பேசணும்" என்றான். சமையல் கொட்டகையில் மறுநாளைக்குச் சிலிண்டர் இல்லையென்று ஆள் வந்து நின்றுகொண்டிருந்தார். நான் அவன் தலையில் கைவைத்து, எனக்கு மனப்பாடமாக இருந்த ஜெபத்தைச் சத்தமாகச் சொன்னேன். அரை நிமிஷம் இருக்கும். 'ஆமென்' சொல்லிவிட்டுச் சிலிண்டருக்குப் போனேன். அவன் போய்விட்டான். அந்த முகாமின் அறிக்கையில், ஆலோசனை பெற்றவர்கள் என்ற கட்டத்தில் நான் எழுதிய எண்ணில் அவனும் ஒருவன்.

ஏழு வருஷம் கழித்து ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். நல்ல வேலையில் இருந்தான், நன்றாகப் பேசினான். கை கழுவும் இடத்தில், சாதாரணமாகச் சொல்கிற மாதிரி சொன்னான்: "அண்ணே, அன்னிக்கு நீங்க வேற யாரோ பேரைச் சொல்லி எனக்கு ஜெபம் பண்ணுனீங்க." நான் என்ன சொல்ல? அன்றைக்கு என்ன பேச வந்தான் என்று கேட்டேன். "விடுங்கண்ணே, அது முடிஞ்சு போச்சு" என்றான். இன்றுவரை எனக்குத் தெரியாது.

பனைமரத்தில் மோதாமல் தப்பியதைப் பல மேடையில் சொன்னேன். இதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன். உங்கள் களைப்பு உங்களோடு நிற்காது, தம்பி. அது உங்களை நம்பி வருகிற பிள்ளைமேல் போய் விழுகிறது.

இந்தக் களைப்பைக் குறிக்கும் பர்ன் அவுட் என்ற சொல்லை மருத்துவ எழுத்துக்குள் கொண்டுவந்தவர் ஃப்ராய்டன்பெர்கர் என்ற மனநல நிபுணர். அவர் அதைப் பார்த்தது பெரிய கம்பெனி அதிகாரிகளிடம் இல்லை. நியூயார்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில், சம்பளமில்லாமல் ராத்திரி பகலாக உழைத்த தொண்டர்களிடமும், அவர்களோடு உழைத்த தன்னிடமும். அதை வைத்து 1974-இல் எழுதினார். நல்ல காரியத்துக்காக வந்தவர்கள்தான் முதலில் எரிந்தார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கு மூன்று அடையாளம் சொன்னது: சக்தி வற்றிப்போவது, செய்கிற வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, கைத்திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. இதை ஒரு நோய் என்று அவர்கள் சொல்லவில்லை. வேலையிடத்தில் சரிசெய்யாமல் விட்ட அழுத்தத்தின் விளைவு என்றார்கள். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நம் பாஷையில் அந்த அடையாளங்கள் எப்படி இருக்கும் என்று நான் சொல்கிறேன். போன் மணி அடித்தால் நெஞ்சு திக்கென்கும். எடுத்து "பிரைஸ் த லார்ட் பிரதர்" என்று குரல் மட்டும் சிரிக்கும். கையை உயர்த்திப் பாடிக்கொண்டே எத்தனை தட்டு குறைகிறது என்று எண்ணுவீர்கள். சாட்சி சொல்லி அழுகிற பிள்ளையைப் பார்த்து, போன வருஷமும் இவன் இப்படித்தான் அழுதான் என்று உள்ளுக்குள் ஒரு ஏளனம் எழும். பிரசங்கக் குறிப்புக்காகத் தவிர வேதத்தைத் திறந்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தால் பதில் வராது. இதில் ஏதாவது உங்களுக்கு இருந்தால், அது உங்கள் பக்தி கெட்டுப்போனதன் அடையாளம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்ளாதீர்கள். முதலில் ஒரு வாரம் தினமும் ஏழெட்டு மணி நேரம் தூங்கிவிட்டு அப்புறம் பாருங்கள். எலியாவுக்கு ஆண்டவர் சூரைச்செடிக்குக் கீழே செய்ததே அதுதான்; தூக்கம், சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம். கேள்வி கேட்டது நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனபிறகு. அந்தப் பகுதியை நாம் முகாமில் ராத்திரி பதினோரு மணிக்கு, தூங்கி விழும் பிள்ளைகளைத் தட்டி எழுப்பிப் பிரசங்கம் செய்கிறோம்.

தூங்கிப் பார்த்தும், ஒரு மாதம் ஆகியும் இருட்டு விலகவில்லை என்றால், சாவு நல்லது என்ற நினைப்பு ஒருமுறையாவது வந்தால், ஜெபக்குழுவோடு நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் போங்கள். 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. சர்க்கரைக்கு மாத்திரை போடும் குருவானவரை யாரும் விசுவாசமில்லாதவர் என்பதில்லை.

தங்கைமாரே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. முகாம் முடிந்து அண்ணன்மார் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுகிறோம். நீங்கள் போனால் அடுப்படி காத்திருக்கிறது. ராத்திரி எட்டரைக்குக் கூட்டம் முடித்து அனுப்பிவிட்டுக் கடைசி பஸ் போய்விட்டதா என்று யாரும் பார்ப்பதில்லை. உங்களுக்கு உடம்புக்கு முடியாத நாளிலும் கதவு சரியில்லாத கழிப்பறையோடு மூன்று நாள் முகாம் நடத்துகிறீர்கள். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வருமே என்று குடிக்காமலே இருப்பீர்கள். என் மனைவி அப்படி இருந்துதான் சிறுநீர்த் தொற்று வந்து படுத்தாள். இடம் பார்க்கப் போகும்போது பந்தலுக்கு முன்னால் கழிப்பறையைப் பாருங்கள். சரியில்லை என்றால் இடம் சரியில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியவர்கள் நீங்கள் அல்ல.

இருபாலாருக்கும் சேர்த்து இன்னொன்று. ராத்திரி பதினொன்றரைக்கு, "அக்கா தூங்கிட்டீங்களா?" என்று வருகிற வாட்ஸ்அப்புக்கு உடனே பதில் போட்டால்தான் நல்ல ஊழியர் என்று நினைக்காதீர்கள். ஒன்பதரைக்கு மேல் போன் வேறு அறையில் இருக்கட்டும் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 108-ஐ அழைக்க வேண்டும், பெற்றோரை எழுப்ப வேண்டும் என்றும் சொல்லிக்கொடுங்கள். வயதுவராத பிள்ளையோடு நடுராத்திரியில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது அந்தப் பிள்ளைக்கும் நல்லதில்லை, உங்களுக்கும் நல்லதில்லை.

நீங்கள் மனசுக்குள் சொல்வது கேட்கிறது. "அண்ணே, இப்ப நீங்க பள்ளிக்கூட வாத்தியார். மாசம் பிறந்தா சம்பளம். ஓய்வெடுன்னு சொல்றது லேசு." உண்மைதான். எனக்கு முதல் சம்பளம் 2,800 ரூபாய், பெட்ரோலுக்குப் பாதி போகும். பி.எஃப். இல்லை, ஈ.எஸ்.ஐ. இல்லை, வருஷா வருஷம் கமிட்டி கூடி 'தம்பியை வச்சுக்கலாமா' என்று முடிவு செய்யும். மாத அறிக்கையில் கூட்டம் எத்தனை, வீடு சந்திப்பு எத்தனை, புதிதாக வந்தவர்கள் எத்தனை என்று கட்டம் கட்டமாக இருக்கும். விடுமுறை எடுத்த நாள் எத்தனை என்று ஒரு கட்டம் கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் இருப்பவனிடம், தினமும் நடைப்பயிற்சி போ, பழம் சாப்பிடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறவன் அவனை இன்னொரு முறை ஏமாற்றுகிறான். அழுத்தம் வேலையிடத்தில் உண்டாகிறது என்றால் பதிலையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

ஆனால் கமிட்டிமேல் முழுப் பழியையும் போட்டு நான் தப்பிக்க முடியாது. 2010 கடைசியில் எனக்குக் குரல் போனது. கத்திக் கத்திக் குரல் நாணில் முடிச்சு. ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது என்றார் மருத்துவர். சிலேட்டு வாங்கி எழுதிக் காட்டிக்கொண்டு இருந்தேன். அந்த மாதம் வாலிபர் கூட்டத்தை நடத்தியது, கூட்டத்தில் ஜெபிக்கச் சொன்னாலே முந்தானையைத் திருகும் ஒரு பெண். வருகை குறையவில்லை, இரண்டு பேர் கூடினார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று எழுத ஆசை. இல்லை. எரிச்சலாக இருந்தது. பின்னால் உட்கார்ந்து அவள் விட்ட பிழைகளைச் சிலேட்டில் எழுதினேன். எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தபோதுதான், தேரிப் பாதையில் ராத்திரி இரண்டு மணிக்கு என்னை ஓட்டிக்கொண்டு போனது எது என்று புரிந்தது. அதற்கு ஆத்தும பாரம் என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆகவே கேட்கிறேன்.

அடுத்த மாத ஊழியர் கூட்டத்துக்கு முன்னால் நீங்கள் பத்துப் பேர், முடிந்தால் இருபது பேர், ஒரே தாளில் கையெழுத்துப் போட்டு உங்கள் சேகரத் தலைவரிடமும் வாலிபர் இயக்குநரிடமும் கொடுங்கள். தனியாகப் போய்க் கேட்டால் 'இவனுக்கு வைராக்கியம் போயிட்டு' என்பார்கள். நான் கேட்டபோது அப்படித்தான் சொன்னார்கள். சேர்ந்து போனால் சொல்ல முடியாது. தாளில் நீளமாக எழுத வேண்டாம். ஞாயிறு நமக்கு வேலை நாள். அதனால் திங்கட்கிழமை ஊழியருக்கு விடுமுறை என்று கோயிலில் அறிவிப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். சபை அறிய வாசிக்காத விடுமுறை முதல் சாவு வீட்டோடு செத்துப்போகும். சாவு வீட்டுக்குப் போகத்தான் வேண்டும். போய்விட்டு வந்து புதன்கிழமை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முகாமுக்கும் அடுத்த முகாமுக்கும் நடுவே இரண்டு ராத்திரி சொந்த வீட்டில் படுக்க வேண்டும் என்று எழுதுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு ஆகும் பணத்தைக் கேளுங்கள். ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுப்பதைவிட அது அதிகமில்லை. அறிக்கையில் விடுமுறைக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லுங்கள். அது காலியாக இருந்தால் ஏன் என்று அவர்கள் உங்களைக் கேட்க வேண்டும்.

இந்த மே மாதம், உங்கள் பட்டியலில் இருக்கும் முகாம்களில் ஒன்றை வேறொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டு எட்டிப் பார்க்கப் போகாதீர்கள். முதல் நாள் ராத்திரி பாட்டுச் சத்தம் கேட்கிற தூரத்தில்கூட இருக்காதீர்கள். எனக்கு என்னைத் தெரியும், உங்களையும் தெரியும்.

தாளில் முதல் கையெழுத்துப் போட ஆள் தயங்கினால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். உங்கள் ஊழியர் கூட்டத்துக்கு வருகிறேன். பழைய சாட்சியை, பருப்பு வடையிலிருந்து பெயர் மாறிய ஜெபம் வரை விட்டுப்போனதையெல்லாம் சேர்த்து, உங்கள் தலைவர்கள் முன்னால் சொல்கிறேன். பஸ் செலவு நானே பார்த்துக்கொள்வேன். செவ்வாய் முதல் சனி வரை பள்ளி விட்டபிறகு எந்த நாளும் எனக்குச் சரி.

அன்போடு,
உங்கள் அண்ணன்